கேஸ் பிரித்து விற்கும் சீல் பாக்ஸ்: கார்டு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

விளையாட்டு வீரர்கள் படம் போட்ட சேகரிப்புக் கார்டுகள் பேக்கில் வரும், பல பேக் சேர்ந்தது ஒரு பாக்ஸ், பல பாக்ஸ் சேர்ந்தது ஒரு கேஸ். திறக்கும்வரை உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாது. அப்படிச் சில சீல் பாக்ஸ்களை ஒருவரிடம் வாங்கினேன். எனக்கு வந்த பாக்ஸ்கள் போலி இல்லை. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை கம்பெனியில் போட்டதுதான், யாரும் பிரித்து மறுபடி ஒட்டவில்லை. அப்படியிருந்தும் என்னை ஏமாற்றிவிட்டார்கள். எப்படி என்று தெரிந்தால் நீங்களாவது தப்பிக்கலாம்.

விற்றவர் சொன்ன கணக்கு இது: "கேஸுக்கு ஒரு அரிய ஆட்டோகிராஃப் கார்டு உண்டு. கேஸில் 12 பாக்ஸ். 4 எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு." கேஸ் முழுசாக இருந்தால் இந்தக் கணக்கு சரிதான். ஆனால் அவர் கேஸைப் பிரித்து, சில பாக்ஸ்களைத் தானே திறந்து, அந்தக் கார்டை எடுத்துக்கொண்ட பிறகுதான் மிச்சத்தை விற்பனைக்கு வைத்திருக்கிறார். எனக்கு இருந்த வாய்ப்பு சுத்தமாகப் பூஜ்யம். அவரே போட்டிருந்த பழைய வீடியோவில் அந்தக் கார்டு வெளியே வருகிறது. தேதி, நான் பணம் அனுப்பியதற்கு முன்னால். கேட்டதற்கு, "சீல் பாக்ஸ் கேட்டீங்க, சீல் பாக்ஸ்தானே கொடுத்தேன்" என்றார். பணம் திரும்பி வரவில்லை.

உறையில் அச்சடித்திருக்கும் எண்ணைக் காட்டி விற்பவர்களிடமும் நிதானமாக இருங்கள். 1:24, அதாவது 24 பேக்குக்கு ஒன்று என்பது, அச்சான மொத்தச் சரக்குக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. 24 பேக் உள்ள பாக்ஸில் ஒன்று கட்டாயம் வரும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. கார்டுகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து விழுந்திருந்தால், அப்படிப்பட்ட பாக்ஸ்களில் நூற்றுக்குச் சுமார் 36-இல் அந்தக் கார்டு இருக்காது. இரண்டு பாக்ஸ் வாங்குகிறவர்களிலும் நூற்றுக்கு 13 பேர் வெறுங்கையோடுதான் போவார்கள். கம்பெனியே கேஸுக்கு ஒன்று என்று பார்த்து வைத்திருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். ஒரு பாக்ஸில் வந்துவிட்டால் மீதி பதினொன்றிலும் இல்லை. கேஸைத் திறந்தவருக்கு அது தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. மோசடி நடப்பது இந்த இடைவெளியில்தான்.

யாரும் கை வைக்காத கேஸுக்கு என்ன மதிப்பு என்பதற்கு ஓ-பீ-சீ என்ற கம்பெனியின் 1979-80 ஐஸ் ஹாக்கி கேஸ் ஒன்றே போதும். புகழ்பெற்ற ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியின் முதல் வருடக் கார்டு உள்ள செட் அது, மொத்தம் 396 கார்டு. 16 பாக்ஸ், பாக்ஸுக்கு 48 பேக், பேக்குக்கு 14 கார்டு என்றால் 10,752 கார்டு. சராசரியாக 27 கிரெட்ஸ்கி எதிர்பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் அது 37.2 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதிலிருந்து ஒரே ஒரு பாக்ஸைத் திறந்து பார்த்திருந்தால்கூட அந்த விலையை யாரும் நம்பிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

வெளியே இருந்து பார்த்துத் தரும் சான்றையும் முழுசாக நம்ப முடியாது. யூடியூபர் லோகன் பால் 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய போக்கிமான் கேஸுக்குச் சான்று இருந்தது. 2022-இல் திறந்தபோது உள்ளே இருந்தது போக்கிமான் இல்லை, ஜி.ஐ. ஜோ என்ற வேறொரு பொம்மை வரிசையின் கார்டுகள்.

உதிரி பேக் வாங்கவே வாங்காதீர்கள். வீரரின் ஜெர்சித் துணித் துண்டு பதித்த அரிய கார்டு தடிமனாக இருக்கும். தராசில் போட்டுக் கனமான பேக்குகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை விற்கிற ஆட்கள் உண்டு.

பாக்ஸ்தான் வேண்டும் என்றால், கம்பெனி டேப் பிரியாத முழுக் கேஸை நாலு பேர் சேர்ந்து எடுப்பது நல்லது. அதற்கு வழியில்லையா, பணம் அனுப்பும் முன் ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "இந்தக் கேஸில் எத்தனை பாக்ஸ் திறந்தீர்கள், என்னென்ன வந்தது?" மழுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம். குறிப்பிட்ட ஒரு கார்டு மேல்தான் ஆசை என்றால் அந்தக் கார்டையே தனியாக விலைக்கு வாங்குங்கள், பெரும்பாலும் செலவு குறையும்.