அடுப்பை மாற்றுவதா, புகைவாயிலில் பிடிப்பதா?

இலங்கையில், கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் ஒரு சாயத் தொழிற்சாலையின் விறகுப் பாய்லர் என் பொறுப்பில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன், கொடியில் காயப்போட்ட உடுப்பெல்லாம் கரி படிகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் முறைப்பாடு செய்தார்கள். அவர்கள் சொன்னது நியாயம். இரண்டு விலைமனுக்கள் வந்தன. ஒன்று, அடுப்பையே கழற்றிவிட்டு விறகை வாயுவாக்கி எரிக்கும் கேசிபயர். மற்றது, அடுப்பில் கை வைக்காமல் புகை போகும் வழியில் துணிப்பை வடிகட்டி. நான் வடிகட்டியை எடுத்தேன்.

நிலக்கரி மின்சாரத்தைத் துப்புரவாக்க அரசுகளும் கம்பனிகளும் கூட்டாகப் பணம் போட்ட கதைகளைப் படிக்கப் படிக்க, எங்கள் பாய்லர் அறையில் நடந்த அதே வாதம்தான் பல மடங்கு பெரிதாக அங்கும் நடந்திருக்கிறது என்று தெரிகிறது. அங்கே வழிகள் மூன்று.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீராவியை இன்னும் சூடாக, இன்னும் அழுத்தமாக ஆக்கினால் அதே மின்சாரத்துக்குக் குறைந்த நிலக்கரி போதும். ஜப்பானில் யோகோஹாமாவின் இசோகோ நிலையத்தில் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு, சுமார் 600 பாகை நீராவியில் ஓடுகின்றன. இந்தியாவில் என்டிபிசி என்ற மின் கம்பனி, பெல் என்ற மின் இயந்திரக் கம்பனி இரண்டும் கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து 710 பாகையைக் குறிவைத்திருக்கின்றன. போட்ட காசுக்குப் பலன் நிச்சயம். ஆனால் இதற்குப் புதிதாக நிலையம் கட்ட வேண்டும். நம் நிலக்கரி மின்நிலையமான நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் 2011 முதல் 2014க்குள் வந்துவிட்ட சாதாரண ரகம். சம்பூரில் வரவிருந்த 500 மெகாவாட் நிலையமும் 2016இல் கைவிடப்பட்டது. கட்டி முடித்த வீட்டுக்கு அத்திவாரம் மாற்ற முடியாது.

இரண்டாவது வாயுவாக்கம். நிலக்கரியை எரிக்காமல், குறைந்த ஒட்சிசனில் வேகவைத்து ஐதரசனும் காபனோரொட்சைட்டும் கலந்த வாயுவாக்கி, கந்தகத்தையும் தூசியையும் முதலே கழுவிவிட்டு, பிறகு எரிப்பது. படத்தில் பார்த்தால் இதைவிட அழகான வழி இல்லை. திருச்சி பெல்லில் 6.2 மெகாவாட் பரிசோதனை நிலையம் ஓடியது. அமெரிக்க அரசின் பங்குப் பணத்தோடு புளோரிடாவின் போல்க் நிலையம் 1996இல் தொடங்கியது. 2003இல் அறிவித்த பியூச்சர்ஜென் திட்டத்தில் நிலத்தடியில் காபனைப் புதைப்பதும் சேர்ந்திருந்தது. செலவு ஏறியதும் 2008 ஜனவரியில் அரசு பின்வாங்கியது. வேறு தொழில்நுட்பத்தோடு மறுபடி எழுப்பினார்கள், 2015இல் அதுவும் நின்றது. மிசிசிப்பியின் கெம்பர் நிலையம் 3 பில்லியன் டொலருக்கும் குறைவு என்று தொடங்கி 7.5 பில்லியனில் முடிந்தது. 2017இல் வாயுவாக்கும் வேலையை நிறுத்திவிட்டு இயற்கை எரிவாயுவில் ஓட விட்டார்கள்.

எல்லோரும் பேசுவது அந்த 7.5 பில்லியனை. எனக்கு உறைத்தது அதன் கடைசி வரிதான். கேசிபயர் கைவிட்டபோது கெம்பருக்குச் சாய்ந்துகொள்ள எரிவாயுக் குழாய் இருந்தது. நமக்கு எங்கே இருக்கிறது? எரிவாயுவுக்கு மாற்றலாம் என்று கெரவலப்பிட்டியில் கட்டிய 300 மெகாவாட் நிலையமே இவ்வளவு காலமும் எண்ணெயில்தான் ஓடியிருக்கிறது.

விலைமனுவைப் பார்க்கும்போது நானும் இதைத்தான் கேட்டேன். இது பழுதானால் அன்றைக்கு என்ன நடக்கும்? கேசிபயர் வைத்திருந்த வேறொரு தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்தேன். குழாய்க்குள் தார், கெட்டியான கித்துள் பாணி மாதிரி ஒட்டிப் பிடித்திருந்தது. இரண்டு பேர் கம்பி விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அன்று முழுக்க அங்கே நீராவி இல்லை. சாயத்தொட்டிகள் எல்லாம் ஆறிக் கிடந்தன.

எங்களிடமும் பழுது வந்தது. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு வடிகட்டியில் நான்கு பைகள் பொறி பட்டுக் கிழிந்து, விசிறி திணறத் தொடங்கியது. பாய்லர் பார்க்கும் அண்ணை போன் எடுத்தார். "தம்பி, பைபாஸைத் திறக்கட்டோ?" "திறவுங்கோ அண்ணை." அவ்வளவுதான். அன்று இரவு புகை வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு கறுப்பாகப் போனது, அது பிழைதான். காலையில் அந்த வீடுகளுக்குப் போய் வருத்தம் சொன்னேன். ஆனால் நீராவி ஒரு நிமிடமும் நிற்கவில்லை. மதியத்துக்குள் புதுப் பைகள் மாட்டியாயிற்று.

மூன்றாவது வழியின் பலமும் இதுதான். நிலக்கரியை வழக்கம்போல எரித்து, வெளியே வரும் புகையை அமைன் என்ற இரசாயனக் கரைசலால் கழுவி, காபனீரொட்சைட்டை மட்டும் பிரித்தெடுப்பது. கனடாவின் சஸ்காச்சுவானில் பவுண்டரி டாம் நிலையத்தின் மூன்றாம் அலகில் 2014 ஒக்டோபரில் தொடங்கினார்கள். மத்திய அரசு 240 மில்லியன் கனேடிய டொலர் கொடுத்தது. வருடத்துக்கு 10 இலட்சம் தொன் என்பது இலக்கு, முதல் வருடங்களில் அதை எட்டவில்லை. சாம்பல்தூள் கரைசலுக்குள் புகுந்து அமைனைக் கெடுத்தது, வெப்பமாற்றிகள் அடைத்தன. பிறகு, ஒன்றை மூடிக் கழுவும்போது மற்றது ஓடுவதற்கென்று உபரி வெப்பமாற்றிகளை வைத்தார்கள். நான் இப்போது ஒரு தொகுதிப் பைகளைக் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன், அதே காரணம். இவ்வளவு சிக்கலிலும், பிடிக்கும் பகுதி நின்ற நாட்களில் அலகு மின்சாரம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

டெக்சாஸின் பெட்ரா நோவாவில் அமெரிக்க அரசு 190 மில்லியன் டொலர் போட்டது, மிச்சம் ஒரு மின் கம்பனியும் ஒரு ஜப்பானிய எண்ணெய்க் கம்பனியும். 2017 தொடக்கத்தில், சொன்ன நேரத்தில், சொன்ன செலவில் முடித்தார்கள். முழு அலகையும் தொடாமல், 240 மெகாவாட்டுக்கு உரிய புகையை மட்டும் பிரித்து எடுத்தார்கள். பிடித்த வாயு, நிலத்தடி எண்ணெயை வெளியே தள்ளுவதற்காக எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனது. எண்ணெய் விலை விழ, 2020 மே மாதம் மூடிவிட்டு 2023 செப்டம்பரில்தான் திரும்பத் திறந்தார்கள்.

நமக்கும் பிரச்சினை இங்கேதான். நம்மிடம் எண்ணெய்க் கிணறு இல்லை. வாங்க ஆள் இல்லாவிட்டால் பிடித்ததை என்ன செய்வது? கடலுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடியில் ஒரு வழி காட்டினார்கள். 2016இல் ஒரு சோடா உப்புத் தொழிற்சாலை தன் நிலக்கரிப் பாய்லரின் புகையிலிருந்தே வருடம் 60,000 தொன் பிடிக்கும் அமைப்பைப் போட்டது. அரசு மானியம் இல்லை, வாயுதான் அவர்களுடைய மூலப்பொருள். கொழும்பில் அவ்வளவு வாங்கும் தொழில் என் கண்ணில் படவில்லை. அமைனைச் சூடாக்க நீராவி வேண்டும் என்பதால், கழுவும் புகைக்கு உரிய மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும் என்பதையும் மறைக்க முடியாது. என் அனுபவம் ஒரு விறகுப் பாய்லர் அளவு. 300 மெகாவாட் அலகுக்கு அது அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் 2025 பெப்ரவரி 9ஐ மறக்க முடியவில்லை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய, தீவு முழுவதும் இருண்டது. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றன, அவற்றைத் திரும்ப எடுப்பதற்குள் அடுத்தடுத்த நாட்களிலும் மின்வெட்டு. இவ்வளவு சிறிய மின்கட்டமைப்பில், தான் நின்றால் அலகையும் சேர்த்து நிறுத்தும் எந்தத் தொழில்நுட்பத்துக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அரசும் ஒரு கம்பனியும் இங்கே கூட்டுச் சேர்வதென்றால், ஒரே ஒரு அலகின் புகையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கழுவட்டும். திறப்பு விழாவுக்குப் பணம் கொடுக்காமல், பிடித்த ஒவ்வொரு தொன்னுக்கும் கொடுக்கட்டும். உபரி வெப்பமாற்றியும் பைபாஸும் முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.