'ஹார்டி' என்ற சொல்லை நம்பி வாங்கிய ஐரிஸ் கிழங்குகள்

வெயில் காயும் தோட்டத்துக்குத் தாடி ஐரிஸ் (bearded iris, இதழில் தாடி மாதிரி முடிகள் உள்ள பூச்செடி) வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 12 கிழங்கு வாங்கினேன். இன்று உயிரோடு இருப்பவை 3. ஒன்றுகூடப் பூக்கவில்லை.

விற்றவர் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி விளம்பரத்தை இன்னும் பலரிடம் பார்த்துவிட்டேன், அதனால் அந்த ஒருவரை மட்டும் சொல்லிப் பயனில்லை.

என் தோட்டத்தில் மதியம் மண் சுடும், தண்ணீரும் குறைவு. அப்படிப்பட்ட இடத்துக்குத் தாடி ஐரிஸ் தோதானது என்பது உண்மைதான். இஞ்சி மாதிரி தடித்த கிழங்கில் சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பூத்து முடிந்தபின் கடும் கோடையில் வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிடும். அந்த நேரத்தில் நாம் கரிசனத்தோடு தண்ணீர் ஊற்றினால்தான் ஆபத்து.

விளம்பரத்தில் 'மிகவும் ஹார்டி' என்று இருந்தது, பக்கத்தில் 3 முதல் 9 வரை என்று மண்டல எண். நான் அதை வெயில் தாங்கும் என்று புரிந்துகொண்டேன். சந்தேகத்துக்குக் கேட்டும் பார்த்தேன். "ஹார்டி ரகம், கவலையே வேண்டாம்" என்று பதில் வந்தது. அந்த எண்கள் அமெரிக்க வேளாண் துறையின் வரைபடத்தில் இருப்பவை. குளிர்காலத்தில் ஒரு இடத்தின் வெப்பநிலை சராசரியாக எதுவரை இறங்கும் என்பதற்கு மேல் அவற்றில் எதுவும் இல்லை. கோடையைப் பற்றி ஒரு சேதியும் கிடையாது. செடி விற்பவர்கள் பேச்சில் ஹார்டி என்றால் பெரும்பாலும் உறைபனி தாங்குவது. வேடிக்கை என்னவென்றால், உயரமான தாடி ஐரிஸ் ரகங்கள் பலவற்றுக்கு நன்றாகப் பூக்கக் கொஞ்சம் குளிரும் வேண்டும். குளிரே இல்லாத இடத்தில் இலையோடு நின்றுவிடும்.

சரி, பெட்டி வந்தது. ஈரப் பாசி சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தாடி ஐரிஸை மண் உதறி, இலையை அரையடிக்குக் கத்தரித்து, உலர்வாகத்தான் அனுப்ப வேண்டும். பையைப் பிரித்ததுமே நாற்றம். 4 கிழங்குகளில் விரலை வைத்தால் உள்ளே போனது. அதுதான் பாக்டீரியா அழுகல்.

இன்னும் 3 கிழங்குகள் மெலிந்து நீண்டு பச்சையாக இருந்தன. விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகுதான் அவை லூசியானா ஐரிஸ் என்று தெரிந்தது. சதுப்பில் வளரும் செடி! என் மணலில் சில வாரம்கூடத் தாங்கவில்லை. ஐரிஸ் என்ற பெயர் இருந்தாலே வறட்சி தாங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜப்பானிய ஐரிஸும் ஈரம் கேட்பதுதான்.

மீதி 5 நிஜமான தாடி ஐரிஸ். குண்டாக, கெட்டியாக, பார்க்க அழகாக இருந்தன. எனக்கு இன்னும் ஆறாதது இந்த ஐந்தில்தான். ஒவ்வொன்றின் நடுவிலும் பழைய பூத்தண்டின் தழும்பு இருந்தது. ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும். அடுத்த பூ அதன் பக்கத்தில் விடும் குட்டிக் கிழங்குகளில்தான் வரும். அந்தக் குட்டிகளை ஒடித்து எடுத்துக்கொண்டு, பூத்து ஓய்ந்த தாயை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். பக்கவாட்டில் ஒடித்த காயம்கூட ஆறவில்லை. இதில் 2 அழுகியதற்குக் காரணம் நான்தான். ஆழமாகப் புதைத்து, தினம் தண்ணீர் ஊற்றினேன். கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டும், வெயில் கொடுமையான இடத்தில் மட்டும் மேலே மெல்லிய மண் போடலாம்.

படங்களைப் பார்த்தபோதே உஷாராகியிருக்கலாம். குங்குமச் சிவப்பில் ஒரு பூ, வானவில் கோடுகளோடு இன்னொன்று. தாடி ஐரிஸில் செங்கல் நிறம் உண்டு, கருஞ்சிவப்பு உண்டு, அசல் சிவப்பு இதுவரை இல்லை. நிறத்தின் பெயர் போட்டு விதைப் பொட்டலம் விற்பதும் ஏமாற்று வேலை. கலப்பு ரகத்தின் விதை தாயைப் போலப் பூக்காது. ஐரிஸ் ரகங்களின் பெயர்களை அமெரிக்க ஐரிஸ் சங்கம் பதிவு செய்துவைக்கிறது, யாரும் தேடிப் பார்க்கலாம். எனக்கு விற்ற ரகத்தின் பெயர் அதில் இல்லை. நான் தேடியது பணம் போன பிறகு.

அடுத்த முறை வாங்கினால் மண்டல எண்ணைக் கேட்கப்போவதில்லை. "இந்தச் செடியைச் சுடும் கோடையில் திறந்த நிலத்தில் வளர்த்தீர்களா, அங்கே பூத்ததா?" என்று கேட்பேன். கிழங்கின் படத்தை மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்து அனுப்பச் சொல்வேன். அரேபியப் பகுதியைச் சேர்ந்த வெள்ளைப் பூ ஐரிஸ் அல்பிகான்ஸ், தாடி ஐரிஸைப் பாலைவன ஐரிஸோடு கலந்து உருவாக்கிய அரில்பிரெட் ரகங்கள், இவற்றைத்தான் முதலில் தேடுவதாக இருக்கிறேன்.

புகார் சொன்னதும் முதலில் என் பராமரிப்பைக் குறை சொன்னார்கள். படங்களை அனுப்பிய பிறகு மாற்றுக் கிழங்கு தருவதாக இறங்கி வந்தார்கள். எப்படிக் கட்டி அனுப்புவீர்கள் என்று கேட்டேன். "ஈரம் காயாமல் பத்திரமாக அனுப்புவோம்" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.