டர்போ காரின் திணறலை ரீமேப் தீர்த்ததா? நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

என்னுடையது, பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். மூன்றாவது கியரில் 1,600 ஆர்பிஎம் அளவில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால், வண்டி கொஞ்சம் இழுக்கும், சட்டென்று தொய்யும், அப்புறம் பாயும். கேட்டவர்கள் எல்லாம் டர்போ லேக் என்றார்கள். லேக் என்றால் டர்போவுக்குள் சுழலும் டர்பைன் வேகமெடுக்கும்வரை இழுவை தாமதமாகும், ஆனால் ஏற ஆரம்பித்தால் சீராக ஏறும். ஏறிய இழுவை நடுவில் இறங்கினால் அது லேக் இல்லை.

ரீமேப் என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் (ஈசியூ) மென்பொருளை மாற்றுவது. அதற்காகப் போனபோது, அதைச் செய்யும் ட்யூனர் லேப்டாப்பைத் தொடவே இல்லை. அதனாலேயே அவர்மேல் நம்பிக்கை வந்தது. முதலில் இன்டேக் பாதைக்குள் புகையைச் செலுத்திப் பார்த்தார். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளாம்ப் ஒன்றின் ஓரத்தில் நூல் மாதிரிப் புகை கசிந்தது. ஏர்ஃப்ளோ சென்சார் கணக்கெடுத்த காற்று சிலிண்டருக்குப் போகாமல் வழியிலேயே வெளியேறினால், ஈசியூ அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். அடுத்து ஸ்பார்க் பிளக். முனை தேய்ந்து இடைவெளி கூடியிருந்தது. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால், அந்த இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். இக்னிஷன் காயில் அதைக் கொடுக்க முடியாவிட்டால் மிஸ்ஃபயர்தான், அதாவது கலவை சரியாக எரியாது. இவை இரண்டையும் சரிசெய்ததிலேயே திணறல் பாதி குறைந்துவிட்டது.

மீதி எங்கே என்று, ஓட்டும்போது சென்சார் அளவுகளைப் பதிவு செய்த லாக் காட்டியது. பெடல் 40 சதவீதத்தில் அசையாமல் இருக்கிறது. பூஸ்ட் இலக்கைத் தாண்டி எகிறுகிறது. உடனே ஈசியூ, எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டிலை மூடுகிறது, பிறகு மறுபடி திறக்கிறது. காலுக்குத் தெரிந்த தொய்வு இதுதான். இப்போதைய கார்களில் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பெடலை மிதிப்பது இவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) வேண்டும் என்ற கோரிக்கை மட்டுமே. த்ராட்டில், வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் டர்போ வால்வு), இக்னிஷன் டைமிங் (பொறி வரும் நேரம்) மூன்றையும் வைத்து ஈசியூ அதை நிறைவேற்றுகிறது. ட்யூனர் வேஸ்ட்கேட் கட்டுப்பாட்டைத் திருத்தி, டார்க் ஏறும் வேகத்தைச் சீராக்கினார். மறுபடி லாக் எடுத்துப் பார்த்தபோது அந்தப் பள்ளம் இல்லை.

2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே கூடுதல் டார்க் கேட்டேன், மறுத்துவிட்டார். சிறிய டர்போ எஞ்சினில் குறைந்த வேகத்தில் அதிக லோடு கொடுத்தால், பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு, பிஸ்டனே உடையலாம். சரி, கியரைக் குறைத்து ஓட்டினால் போச்சு.

பல மாதங்களாக ஓட்டியபின் சொல்கிறேன்: கூடுதல் குதிரைத்திறனை நான் நினைப்பதே இல்லை. நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது வண்டி கால் சொன்னபடி கேட்கிறது, அது போதும். மைலேஜில் வித்தியாசம் தெரியவில்லை. கடும் வெயிலில் பழைய மந்தம் லேசாக எட்டிப் பார்க்கும். உள்ளே போகும் காற்று சூடானால் நாக்கிங் (கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டுவது) வராமலிருக்க ஈசியூ டைமிங்கைப் பின்தள்ளும், தள்ளத்தான் வேண்டும். எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு ட்யூன் செய்தார்களோ அதற்குக் குறைவாகப் போடவும் கூடாது. சர்வீஸில் மென்பொருள் அப்டேட் செய்தபோது ரீமேப் அழிந்துவிட்டது, மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. ரீமேப் செய்தால் வாரண்டிக்குச் சிக்கல் வரலாம், அது தெரிந்தே இறங்க வேண்டும்.

இதற்கெல்லாம் பதிலாகப் பெடல் பூஸ்டர் கருவி வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது பாதி மிதித்ததை முக்கால்வாசி மிதித்ததாக ஈசியூவுக்குச் சொல்லும், அவ்வளவுதான். பூஸ்ட் எகிறுவதையோ கசிவையோ அது தொடாது.

சமீபமாக, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ஐடிலிங்கில் சின்ன அதிர்வு தெரிகிறது. நேரடி இன்ஜெக்‌ஷனில் இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் படுவதில்லை, அதனால் அங்கே கார்பன் படியும். அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதை எந்த ரீமேப்பும் கரைக்காது. அடுத்த சர்வீஸில் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.