என் கடைப் பெயரில் எவனோ ஏலம் விட்டான், 23,400 ரூபாய் போனது எனக்கு

பழைய காசு வாங்குகிற, விற்கிற நண்பர்கள் எல்லோரும் படியுங்கள். வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். ஆன்லைன் ஏலத்தில் நம் பெயரைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாணயம், தபால்தலை ஏலம் விடும் தளம் அது. சேரும்போது பான் கார்டு, ஜிஎஸ்டி சான்றிதழ், கடை போர்டுக்கு முன்னால் நின்று எடுத்த படம் எல்லாம் கேட்டார்கள். போனில் பேசிய பையன் அவ்வளவு பணிவு. "உங்க பேரை வேற யாரும் தொடவே முடியாதுண்ணே, அதுக்கு நாங்க பொறுப்பு" என்றான். பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் விழுந்தது. கண்காட்சி கண்காட்சியாக மேசை போட்டு எடுத்த பெயர் இது. சரி, பத்திரமாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

போன வாரம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். "நீங்களே இப்படிப் பண்ணலாமாங்க?" என்று கேட்டார். அவர் எடுத்தது 1911 ஜார்ஜ் ரூபாய். மன்னர் அங்கியில் உள்ள யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்களே, அந்தக் காசு. தராசில் வைத்து வீடியோ அனுப்பினார். 11.66 கிராம் இருக்க வேண்டியது 9.8 காட்டுகிறது. விளிம்பைச் சுற்றி, அச்சில் ஊற்றிய போலிக் காசில் விழுகிற வார்ப்புக் கோடு வேறு. அந்தக் காசை நான் விற்கவே இல்லை.

தேடினால், என் கடைப் பெயரோடு ஒரே ஒரு எழுத்தைக் கூட்டி இன்னொரு கணக்கு. படங்கள் எல்லாம் என்னுடையவை. காசைப் பிடித்திருக்கிற கட்டைவிரலில், கதவில் நசுங்கிக் கறுத்த என் நகம் அப்படியே தெரிகிறது. அதற்கும் பச்சை டிக்!

புகார் கொடுத்தேன். படமும் பெயரும் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே கடைதான் என்று அவர்களே முடிவு கட்டி, எனக்கு வர வேண்டிய பணத்தில் 23,400 ரூபாயைப் பிடித்து அந்த வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவருக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். எவனோ அடித்த 23,400-ஐ நான் ஏன் கட்ட வேண்டும்?

கேட்டால் முதலில் சாட்பாட். அப்புறம் "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் சார்". அப்புறம் ஒரு அம்மா, "அந்தப் பெயருக்கு டிரேட்மார்க் இருக்கா சார்?" என்றார். நாலு ஆல்பமும் ஒரு லென்ஸும் வைத்துப் பிழைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? பான் கார்டு வாங்கும்போது இதைக் கேட்டிருக்கலாமே. மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் கொடுங்கள்" என்று மெசேஜ். கொடுத்தேன் மதிப்பெண். பணிவாகப் பேசிய அந்தப் பையனின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

விவரமாக எழுதப் பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். படத்தில் காசுக்குக் குறுக்கே கடைப் பெயர் வருகிற மாதிரி போடுங்கள், ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவான். உங்கள் பெயரை நீங்களே எழுத்து மாற்றி மாற்றித் தேடிப் பாருங்கள். போலிக் கணக்கைப் பார்த்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் புகார் செய்யுங்கள், அப்புறம் அழித்துவிடுவான். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். ஆள்மாறாட்ட மோசடிக்கு ஐடி சட்டத்தில், அதாவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 66டி பிரிவு இருக்கிறது, ஸ்டேஷனில் அதைச் சொல்லியே மனு கொடுங்கள். வாங்குகிறவர்கள் யுபிஐயில் வருகிற பெயரைப் பார்க்காமல் பின் நம்பர் போடாதீர்கள்.

அந்தக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று ராத்திரி ஒன்பது மணிக்கு என் படத்தை வைத்து இன்னொரு ஏலம் முடிகிறது. யாரும் கேட்காதீர்கள்.