ஐந்து வருடம் ஓட்டிய யுனிவர்சல் ஐஓ கார்டு: கொஞ்சம் பாராட்டு, நிறைய எரிச்சல்

"புது பேனலுக்கு யுனிவர்சல் கார்டு போடலாமா, இல்லை டிஐ, டிஓ, ஏஐ என்று தனித்தனியாகவே வாங்கிவிடலாமா?" என்று நண்பர் கேட்டிருந்தார். (ஆலையில் உள்ள சுவிட்ச், சென்சார், வால்வுகளின் கம்பிகளைக் கன்ட்ரோலரோடு இணைப்பது இந்தக் கார்டுகள்தான். டிஐ என்றால் டிஜிட்டல் இன்புட், டிஓ டிஜிட்டல் அவுட்புட், ஏஐ அனலாக் இன்புட்.) நல்ல நேரம் பார்த்துக் கேட்டார். முந்தின இரவு முழுக்க ஒரு கார்டு மாற்றும் வேலையில் போயிருந்தது. அந்தக் கடுப்பையும் சேர்த்துப் படியுங்கள்.

எங்களிடம் இருப்பவை 16 சேனல் கார்டுகள். எந்தச் சேனலையும் சாஃப்ட்வேரிலேயே இன்புட், அவுட்புட், டிஜிட்டல், அனலாக் என்று மாற்றிக்கொள்ளலாம். நிறுவும்போது இவற்றைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கடைசி வாரம் வரை இன்ஸ்ட்ருமென்ட் லிஸ்ட் மாறிக்கொண்டே இருந்தது. லெவல் சுவிட்ச் இருந்த இடத்துக்கு, அளவைக் கரன்ட்டாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் வந்தது, ஆன்-ஆஃப் வால்வு கன்ட்ரோல் வால்வானது. தனிக் கார்டு என்றால் 16 டிஐ நிரம்பியதும் 17ஆவது சுவிட்சுக்காக ஒரு முழுக் கார்டு வாங்க வேண்டும், ரேக்கில் இடம் தேட வேண்டும், டெர்மினலுக்கும் கார்டுக்கும் நடுவே ஓடும் கிராஸ் வயரிங்கைப் பிரித்துக் கட்ட வேண்டும். இங்கே கேபிள் இறங்கிய டெர்மினலிலேயே இருந்தது. லேப்டாப்பில் சேனலின் வகையை மாற்றினோம், அவ்வளவுதான். ஸ்பேராக ஒரே வகைக் கார்டு வைத்திருந்தால் போதும் என்பதும் பெரிய நிம்மதி.

அவுட்புட் பக்கம் அவ்வளவு சுகமில்லை. வால்வை இயக்கும் 12 வாட் சோலனாய்டு (மின்காந்தச் சுருள்) 24 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும். எங்கள் கார்டின் சேனல் அதைத் தாங்காது. ஒவ்வொன்றுக்கும் ரிலே போட்டோம். கார்டில் மிச்சம் பிடித்த இடத்தை ரிலே வரிசை சாப்பிட்டுவிட்டது. சரி, அது பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான்: பேனல் கதவைத் திறந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எல்லா டெர்மினலும் ஒரே முகம்.

அன்றிரவு நடந்ததும் அதனால்தான். பழுதான கார்டைக் கழற்றிப் புதியதைச் செருகி, கன்ஃபிகரேஷனை டவுன்லோட் செய்தோம். எல்லாம் வந்தது, ஒரு லெவல் மட்டும் மைனஸ் 25 சதவீதம் காட்டியது. 4 மில்லியாம்பியர் என்றால் 0 சதவீதம், 20 என்றால் 100 என்று கணக்கிடும் 4-20 மில்லியாம்பியர் லூப்பில் அப்படியென்றால் கரன்ட்டே இல்லை என்று அர்த்தம். கேபிள் அறுந்திருக்கும் என்று டேங்க் வரை நடந்தேன். கம்பியைக் கழற்றி மீட்டரை வைத்தால் டிரான்ஸ்மிட்டர் 12.1 மில்லியாம்பியர் அழகாகக் கொடுக்கிறது. திரும்பி வந்து வெறும் டெர்மினலில் மீட்டரை வைத்தேன். 24 வோல்ட்!

அப்புறம்தான் புரிந்தது. அந்த இடத்தில் முதலில் இருந்தது டூ-வயர் டிரான்ஸ்மிட்டர். அதற்குக் கார்டுதான் சப்ளை கொடுக்க வேண்டும். இரண்டு வருடம் முன்பு, சொந்த சப்ளை உள்ள ஃபோர்-வயர் டிரான்ஸ்மிட்டர் வந்தபோது யாரோ சேனலை ஆன்லைனில் மாற்றியிருக்கிறார்கள். புராஜெக்ட் ஃபைலிலும் டிராயிங்கிலும் ஏற்றவில்லை. நான் இறக்கியது பழைய ஃபைல். இரண்டு பக்கமும் சப்ளை, முட்டிக்கொண்டு நிற்கிறது.

நியாயமாகப் பார்த்தால் தப்பு கார்டுடையது இல்லை. ஆனால் முன்பு எங்களிடம் இருந்த தனி ஏஐ கார்டில் டூ-வயருக்கும் ஃபோர்-வயருக்கும் டெர்மினலே வேறு. கம்பி எதில் நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். சீமென்ஸ் எஸ்7-300இன் அனலாக் இன்புட் மாட்யூலில்கூட, பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டையைப் பிடுங்கித் திருப்பிச் செருக வேண்டும்: ஃபோர்-வயர் கரன்ட்டுக்கு சி, டூ-வயருக்கு டி. அதற்காக மாட்யூலையே ரேக்கிலிருந்து கழற்ற வேண்டும் என்று அப்போது திட்டியிருக்கிறேன். இன்றைக்கு அந்தக் கட்டையை நினைத்தால் பாசமாக இருக்கிறது. யாராவது மாற்றினால் மாற்றியது கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும்.

இப்போது கதவின் உள்பக்கம் சேனல் பட்டியல் ஒட்டியிருக்கிறேன். பேனாவால் மூன்று திருத்தம் ஏற்கெனவே விழுந்தாயிற்று.

நண்பருக்கு இப்படித்தான் எழுதினேன்: லிஸ்ட் மாறாத வேலை என்றால் தனிக் கார்டு. மாறாத லிஸ்ட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. பரவாயில்லை, நீங்கள் தனிக் கார்டே வாங்குங்கள்.