புரொப் ஷாஃப்ட் காந்தக் கிட்: சென்சர் நல்லது, கட்டுத்தான் போதாது

ஸ்பீடோமீற்றர் கேபிள் அறுந்து புதுசு கிடைக்காத டொல்பின் வானுக்கும், கியர் பொக்ஸ் மாற்றிய பழைய ஜீப்புக்கும் டிஜிட்டல் மீற்றர் போட நினைத்தால், திருமலையில் கைக்கு வந்து சேருவது பெரும்பாலும் ஒன்லைனில் விற்கும் இந்தப் பெயரில்லாத கிட்தான். பெட்டிக்குள் 20 × 10 × 5 மில்லிமீற்றர் அளவில் இரண்டு நியோடிமியம் காந்தம், அவற்றை உட்கார வைக்க இரண்டு பிளாஸ்டிக் இருக்கை, நாலு நைலோன் கேபிள் டை, ஒரு சின்ன ரியூப் சுப்பர் குளூ, 12 மி.மீ. புரி வெட்டிய, காந்தத்தை உணரும் ஹோல் சென்சர், மெல்லிய எல் பிராக்கெட் ஒன்று. கியர் பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குழாய்தான் புரொப் ஷாஃப்ட். அதில் கட்டிய காந்தம் சென்சரைத் தாண்டும் ஒவ்வொரு தரமும் மீற்றருக்கு ஒரு துடிப்புப் போகும்.

சென்சருக்கும் காந்தத்துக்கும் கொடுத்த காசு வீண் இல்லை. கேபிள் டையையும் குளூவையும் வெளியிலேயே எடுக்க வேண்டாம். அவற்றை நம்பிக் கட்டினால் காந்தம் கழரும், அதுவும் வேகமாக ஓடும்போதுதான் கழரும்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ரயரின் சுற்றளவு 2.04 மீற்றர், டிஃப் விகிதம் 4.1 (சில்லு ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.1 சுற்று) என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீற்றருக்கு ஷாஃப்ட் ஏறக்குறைய 2010 சுற்றுச் சுற்றும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 2010 சுற்று, 100 கி.மீ. வேகத்தில் 3350. ஷாஃப்ட் குழாயின் விட்டம் 70 மி.மீ. என்றால், அந்த வேகத்தில் அதன் மேல் இருக்கும் எந்தப் பொருளையும் அதன் எடையைப் போல 470 மடங்கு விசை வெளியே இழுக்கும். இந்தக் காந்தம் ஒன்று ஏழரை கிராம். 100-இல் அது மூன்றரைக் கிலோ பாரம் தொங்குவதற்குச் சமம். இதைத் தாங்க வேண்டியது, சுப்பர் குளூ என்றால் நகத்தளவு ஒட்டு. அந்த ஒட்டு சூட்டிலும் அதிர்விலும் கண்ணாடி மாதிரி வெடிக்கிற வகை. காந்தம் இரும்பில் தானாகவே ஒட்டிக்கொள்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. தட்டையான இரும்பில் அது சரி. ஷாஃப்ட் உருளை. தட்டைக் காந்தம் அதன் மேல் ஒரு கோட்டில்தான் தொடும், விரலால் தள்ளினாலே ஆடும்.

கேபிள் டை வேறு விதமாகத் தோற்கும். சைலன்சர்ச் சூட்டில் நைலோன் மெல்ல மெல்ல நீளும். காந்தத்தின் மூலை கூரானது, டை அதன் மேல் உரசிக்கொண்டே இருக்கும். கிறவல் றோட்டில் சில்லு எறியும் கல் மிச்ச வேலையைச் செய்யும். கழன்ற காந்தம் சும்மா கீழே விழுவதில்லை. பக்கத்தில் போகும் பிரேக் பைப்பிலோ எரிபொருள் குழாயிலோ அடிக்கும், இல்லாவிட்டால் சென்சரையே உடைத்துக்கொண்டு போகும்.

இந்தக் கிட்டோடு கட்டாயம் சேர்த்து வாங்க வேண்டியவை: முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீலான, 9 மி.மீ. அகலப் பட்டியுள்ள ஹோஸ் கிளிப் இரண்டு, மெதுவாக இறுகும் அறால்டைற் (இரண்டு ரியூப் கலந்து ஒட்டும் எபொக்சிப் பசை) ஒரு சோடி ரியூப், பழைய ரியூப் றப்பர்த் துண்டு கொஞ்சம். கிளிப்பின் அளவுக்கு ஷாஃப்டைச் சுற்றி நூல் பிடித்து அளந்து 3.14 ஆல் வகுங்கள். நூல் 220 மி.மீ. வந்தால் விட்டம் 70. இரு பக்கமும் காந்தம் ஏறும்போது 80 ஆகும், ஆகவே 70 முதல் 90 வரை இறுகும் கிளிப் வேண்டும்.

கிளிப் வாங்கும்போது கிட்டில் உள்ள காந்தத்தையே கடைக்குக் கொண்டுபோங்கள். பட்டியில் வைத்துப் பார்த்து நன்றாக ஒட்டினால் அந்தக் கிளிப் வேண்டாம். அது 430 வகை ஸ்டெயின்லெஸ். இரண்டு விதத்தில் கெடுதல்: காந்தப் புலத்தைத் தனக்குள்ளேயே இழுத்துச் சென்சருக்குப் போக விடாது, கடல்காற்றில் சீக்கிரம் செம்மஞ்சளாகவும் மாறும். 304 வகைப் பட்டியில் காந்தம் வழுக்கி விழும், அல்லது மிக மெல்லத்தான் பிடிக்கும். பெட்டியில் டபிள்யூ 4 என்று இருந்தால் பட்டி, தலை, திருகு மூன்றும் அந்த வகை. 316 கிடைத்தால் இன்னும் நல்லது. பட்டியை மட்டும் பார்த்துவிட்டுத் திருகைப் பார்க்காமல் வாங்குவதுதான் வழக்கமான பிழை. பட்டி பளபளவென்று இருக்க, சாதா இரும்புத் திருகு ஒரு மாரிக்குள் இறுகிப்போய் சொக்கெற்றுக்கு அசையாது. மோட்டார்க் கடையில் கிடைக்காவிட்டால் படகு எஞ்சின் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள்.

பூட்டும் இடம் முக்கியம். டிஃப் பக்கத்து முனை குழியில் விழும்போதெல்லாம் ஏறி இறங்கும். சென்சரைச் சேசியில் பூட்டிவிட்டு காந்தத்தை அங்கே வைத்தால் இடைவெளி நிலைக்காது. கியர் பொக்ஸ் பக்கம்தான் ஆட்டம் குறைவு. இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் முன் துண்டிலேயே வையுங்கள். நீளவாக்கில் வழுக்கி ஓடும், பள்ளம் வெட்டிய ஸ்பிளைன் பகுதியில் வைக்கவே கூடாது. சைலன்சர்க் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். வகை எழுதாத நியோடிமியம் காந்தம் 80 பாகை செல்சியஸுக்கு மேல் பலம் இழக்கத் தொடங்கும், ஆறினாலும் போன பலம் திரும்பாது. எச் என்று முடியும் வகை 120 பாகையும், எஸ்.எச் வகை 150 பாகையும் தாங்கும். ஷாஃப்டில் துளை போடுவதும் வெல்டிங் வைப்பதும் கேள்விக்கே இடமில்லாதவை. மெல்லிய குழாய் அது, துளையிலிருந்து வெடிப்பு ஓடும்.

காந்தம் ஒட்டுமுன் துருவம் பார்க்க வேண்டும். இந்தச் சென்சர் ஒரு துருவத்துக்குத்தான் விழிக்கும். மண்ணிற வயரை 12 வோல்ட்டுக்கும் நீல வயரை ஏர்த்துக்கும் கொடுத்து, காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் பின்பக்கத்துச் சின்ன விளக்கு எரியும். எரிய வைத்த முகத்தில் பெயின்ற் பொட்டு வையுங்கள். இரண்டு காந்தத்திலும் பொட்டு வெளியே பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டாம், பாய்ந்து ஒட்டி மூலை உடையும். நிக்கல் பூச்சு உடைந்த இடத்தில் உப்பு ஏறினால் காந்தம் உள்ளிருந்து சாம்பல்நிறப் பொடியாக உதிரும்.

பின் சில்லு இரண்டையும் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, முன் சில்லுக்கு முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் விட்டால் ஷாஃப்டைக் கையால் சுற்றலாம். காந்தம் வரும் இரண்டு இடத்திலும் பெயின்றையும் துருவையும் 80 நம்பர் சான்ட் பேப்பரால் எடுத்து வெறும் இரும்பு தெரிய வேண்டும். அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள், துணி கறுப்பாக வருவது நிற்கும் வரை. அதன்பிறகு அந்த இடத்தைக் கையால் தொட வேண்டாம். கிட்டில் வரும் பிளாஸ்டிக் இருக்கையின் வளைவு உங்கள் ஷாஃப்டுக்குப் பொருந்தாவிட்டால் எறிந்துவிடுங்கள். அறால்டைற் இரண்டையும் சம அளவில் கலந்து, காந்தத்தின் அடியில் மேடாக வைத்து அமுக்குங்கள். இரு ஓரத்திலும் பசை பிதுங்கி வந்து காந்தத்துக்குக் கீழே உள்ள ஆப்பு வடிவ இடைவெளியை நிரப்ப வேண்டும், இருக்கை அதுதான். காந்தத்தின் நீளப் பக்கம் ஷாஃப்டின் நீளத்தோடு ஓடட்டும். இரண்டு காந்தமும் நேரெதிரே: 220 மி.மீ. சுற்றளவில் 110. ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை இதற்கு ஆகாது, சூட்டில் முதலில் இளகுவது அதுதான். ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள்.

காய்ந்த பிறகு காந்தத்தின் மேல் ஒரு மில்லிமீற்றர் றப்பர்த் துண்டு வைத்து, இரண்டு கிளிப்பையும் பக்கம் பக்கமாகப் போட்டு 7 மி.மீ. சொக்கெற்றால் இறுக்குங்கள். றப்பர் ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கும்போது நிறுத்துங்கள். நியோடிமியம் கண்ணாடி மாதிரி, அதற்கு மேல் திருகினால் விரியும். இங்கே பாரத்தைச் சுமப்பது கிளிப், பசை செய்வது காந்தத்தை நகர விடாமல் பிடிப்பது மட்டும். கிளிப்பின் தலை பத்துக் கிராம் இருந்தால் 100 கி.மீ. வேகத்தில் ஐந்து கிலோ இழுவை. இரண்டு தலையும் ஒரே பக்கம் வந்தால் அது பத்துக் கிலோ, நொடிக்கு 56 தடவை. தரையும் சீற்றும் அதிர்வதை ஷாஃப்ட் பழுது என்று நினைத்து ஜொயின்ற் மாற்றுவார்கள். ஒரு தலை ஒரு பக்கம், மற்றது நேர் எதிர்ப்பக்கம், இரண்டும் காந்தங்களுக்கு நடுவில் இருக்கட்டும். மிஞ்சிய பட்டி வாலை வெட்டிவிடுங்கள்.

கிட்டின் எல் பிராக்கெட்டும் பலவீனமானது. மூன்று மி.மீ. இரும்புத் தகட்டில் ஒன்று வளைத்து கியர் பொக்ஸ் குறுக்குச் சட்டத்தில் பூட்டுவது நல்லது. இடைவெளி வைக்கும்போது எல்லாரும் காந்தத்தைத்தான் பார்ப்பார்கள், கிளிப் தலையை மறந்துவிடுவார்கள். சுற்றில் ஆக உயரமாக வருவது பெரும்பாலும் அந்தத் தலைதான். ஷாஃப்டைக் கையால் முழுச் சுற்றுச் சுற்றி, தலைக்கும் சென்சருக்கும் குறைந்தது 3 மி.மீ. விடுங்கள். காந்தத்துக்கு அப்போது 8 மி.மீ. போல வரும், இந்த அளவுக் காந்தத்துக்கு அது பிரச்சினை இல்லை. விளக்கு ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் எரிய வேண்டும்.

கறுப்பு வயர்தான் சிக்னல். சில மீற்றருக்கு அதற்கும் 12 வோல்ட்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று தேவைப்படும், அது இல்லாவிட்டால் சென்சர் விளக்கு எரிந்தாலும் மீற்றர் பூச்சியம் காட்டும். ஓல்டர்னேற்றர் வயரோடு சேர்த்துக் கட்டினால் அக்சிலேற்றர் மிதிக்கும்போது மீற்றர் காட்டும் வேகம் துள்ளும்.

மேலே சொன்ன உதாரணத்துக்கு மீற்றரில் இட வேண்டியது கிலோமீற்றருக்கு 4020 துடிப்பு. ரயரில் சோக்கால் கோடு போட்டு, ஆட்களை ஏற்றி, ஒரு சுற்று உருட்டி உங்கள் சுற்றளவை அளவுங்கள். பிறகு கந்தளாய் வீதியில் கிலோமீற்றர்க் கல் பார்த்துப் பத்துக் கிலோமீற்றர் ஓடிச் சரிபாருங்கள். வேகம் சரிபாதியாகக் காட்டினால் ஒரு காந்தம் தலைகீழ், அல்லது விழுந்துவிட்டது. விட்டு விட்டுப் பூச்சியத்துக்குப் போனால் இடைவெளி அதிகம்.

நூறு கிலோமீற்றர் ஓடிய பின் கிளிப்பை ஒரு தரம் திரும்ப இறுக்குங்கள், றப்பர் அமர்ந்திருக்கும். கிளிப்பிலிருந்து ஷாஃப்ட் வரை ஒரு பெயின்ற் கோடு இழுத்துவிட்டால், நகர்ந்திருந்தால் குனிந்து பார்த்தவுடனேயே தெரியும்.

நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் அடிக்கடி ஓடும் வாகனத்துக்கு இன்னொன்றும் உண்டு. அந்தக் கரை மணலில் இல்மனைற் என்ற இரும்பு கலந்த கறுப்புத் தாது இருக்கிறது, பலமான காந்தம் அதை இழுக்கும். சில கிழமைக்குப் பிறகு குனிந்து பார்த்தால் காந்த ஓரம் கறுப்பு மயிர் முளைத்த மசுக்குட்டி மாதிரி இருக்கும். அது பட்டிக்கு அடியில் போய் உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்து நிக்கல் பூச்சை அரிக்கும். தண்ணீர் அடித்தால் மட்டும் போகாது. ஒட்டு நாடாவை அழுத்தி அழுத்தி எடுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பூட்டும் நாளிலேயே கிளிப், காந்தம் எல்லாவற்றின் மேலும் அறால்டைற் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, திருகுத் தலையை மட்டும் விட்டுவைத்தால், துடைக்கும் வேலை பாதியாகும்.