எக்ஸ்டி கன்ட்ரோலர் அட்டை: ஜம்பர் பட்டியலா, தட்டிலேயே எழுதும் முறையா?

1983இல் வெளிவந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியின் காலத்து வன்தட்டுகளுக்குத் தம் அளவைத் தாமே சொல்லத் தெரியாது. எத்தனை சிலிண்டர் (வட்டத் தடங்களின் அடுக்கு), எத்தனை ஹெட் (படித்து எழுதும் முனை) என்ற கணக்கை, தட்டை இயக்கும் கன்ட்ரோலர் அட்டைக்கு நாம்தான் தெரிவிக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. அட்டையின் ரோமில் (மாறாத நினைவகச் சில்லில்) உள்ள பட்டியலிலிருந்து ஓர் எண்ணை ஜம்பரால் (ஊசிகளை இணைக்கும் சிறு தொப்பியால்) தேர்ந்தெடுப்பது ஒன்று. விவரங்களைத் தட்டச்சு செய்து தட்டிலேயே பதிந்து வைப்பது மற்றொன்று.

முதல் வழியின் வரம்பு அதன் பட்டியலிலேயே இருக்கிறது. ஐபிஎம்மின் தொடக்ககால எக்ஸ்டி அட்டை நான்கே வகைத் தட்டுகளை அறியும். சீகேட் எஸ்டி-412, அதாவது 306 சிலிண்டரும் 4 ஹெட்டும் கொண்ட 10 மெகாபைட் தட்டு, அவற்றுள் ஒன்று. பின்னர் பரவலாக விற்ற எஸ்டி-225, 615 சிலிண்டர் கொண்டதாதலால், அதில் இடம்பெறவில்லை. அதை 306 சிலிண்டர் வகையாகக் காட்டி இணைத்தாலும் வேலை செய்யும். ஆனால் 20 மெகாபைட் தட்டில் பாதிக்கு மேல் யாரும் தொடாமலே கிடக்கும்.

இரண்டாவது வழியை வெஸ்டர்ன் டிஜிட்டலின் டபிள்யூடி1002ஏ-டபிள்யூஎக்ஸ்1 போன்ற அட்டைகளில் காணலாம். டாஸ் இயங்குதளத்தில் டீபக் (debug) என்ற நிரலைத் திறந்து ‘ஜி=சி800:5’ (g=c800:5) என்று கொடுத்தால் அட்டையின் ரோமிலுள்ள நிரல் ஓடத் தொடங்கி, தட்டின் விவரங்களை நாமே தர விரும்புகிறோமா என்று கேட்கும். ஆம் என்றால் சிலிண்டர், ஹெட், எழுதும் மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டிய சிலிண்டர் முதலியவற்றை ஒரே வரியில் உள்ளிட வேண்டும். இல்லை என்றால் ஜம்பர் காட்டும் பட்டியல் வரிசையையே அது எடுத்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத தட்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆயினும், பட்டியலில் பொருந்தும் வரிசை இருக்குமானால் நான் ஜம்பரையே தேர்ந்தெடுப்பேன். தட்டில் பதிந்த விவரம் அந்தத் தட்டின் தொடக்கப் பகுதியை நம்பியே இருக்கிறது. நாற்பதாண்டு பழைய காந்தப் பூச்சில் அந்த இடம் பழுதானால், மீதித் தட்டு நன்றாக இருந்தும் அதன் அளவே அட்டைக்குத் தெரியாமல் போகும். ஜம்பரோ கண்ணெதிரே இருக்கிறது: இரண்டு ஊசிகளின் மேல் ஒரு சிறு கறுப்புத் தொப்பி. கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும், பழைய நிலைக்கு எப்போதும் திரும்பலாம். ஆனால் எந்த ஊசி எந்த வகைக்கு என்பது அந்தந்த ரோமைப் பொறுத்தது. ரோம் மாறியிருந்தால் பழைய கையேட்டை நம்பக்கூடாது.

எந்த வழியானாலும், தட்டு எந்த முகவரிக்குப் பதில் தர வேண்டும் என்பதைக் குறிக்கும், தட்டிலேயே உள்ள தேர்வு ஜம்பரைத் தவறாக வைத்தால் பயன் இல்லை. நடுவே சில கம்பிகள் முறுக்கப்பட்ட 34 முனைக் கேபிளானால் இரு தட்டுகளிலும் இரண்டாம் இடத்திலேயே தொப்பி இருக்க வேண்டும். முறுக்கு இல்லாத கேபிளானால் முதல் தட்டுக்கு முதலிடம், அடுத்ததற்கு இரண்டாமிடம். சில தட்டுகள் இந்த இடங்களை 0 முதலும் சில 1 முதலும் எண்ணுவதால், அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல் வரிசையை எண்ணுவது நல்லது.

தட்டில் பழைய கோப்புகள் இருக்குமானால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. அந்த ‘ஜி=சி800:5’ நிரலின் வேலை தட்டை அடிமட்டத்திலிருந்து புதிதாக வடிவமைப்பது; முடிவில் பழையது எதுவும் மிஞ்சாது. அத்தகைய தட்டை அது முன்பு இருந்த அதே அட்டையோடு, ஒரு ஜம்பரையும் அசைக்காமல் இயக்கி, கோப்புகளை நகலெடுத்த பிறகே மற்றதைத் தொட வேண்டும்.